பி பிளாக், அறை 107

ஜனவரி 18, சனி

இதை நோட்டில் எழுதவில்லை. நோட்டை அம்மா எடுத்துப் பார்ப்பாள். அம்மாவின் ஆபீஸில் வீணாய்ப்போன பிளான் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். எங்கள் வீட்டில் மளிகைப் பட்டியலிலிருந்து என் கணக்குப் பயிற்சி வரை எல்லாமே அவற்றின் பின்பக்கத்தில்தான். அதனால் இதில் எழுதினால் யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். எழுதியதும் சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பழைய பிளான் குழாயில் போட்டு மூடிவிடுவேன்.

எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் சந்தேகமாக இருக்கிறது. பத்து நாட்களாக அம்மா போன் வந்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். இன்று துணி எடுக்க நான் மாடிப்படி ஏறியபோது, "பொண்ணுங்க தங்கற எடமுங்க... ஜூன்ல சேர்க்கறதுன்னா..." என்று பாதிதான் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும், "அப்பறம் பேசறனுங்க" என்று வைத்துவிட்டாள். யார் என்று கேட்டேன். "ஆபீஸ் விசயம்" என்றாள். ஆபீஸ் விஷயத்தை ஆபீஸில் பேசலாமே. ஆபீஸ் என்பதே எங்கள் வீட்டு முன்னறைதான்.

திருச்செங்கோட்டில் பத்தாவது முடித்த பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் என்பது தடுப்பூசி மாதிரி. எல்லோருக்கும் ஒருநாள் வரும். எதிர்வீட்டுத் தாரணி போன வருடம் போனாள். பொங்கலுக்கு வந்திருந்தபோது எப்படியிருக்கு என்று கேட்டேன். "ஒம்பது மணிக்குப் படிக்கட்டுக் கேட்டைப் பூட்டிருவாங்க" என்றாள். அப்புறம் என்றேன். "அப்பறம் என்ன, தூங்கோணும்." அவள் முன்பெல்லாம் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்பவள்.

அப்பா போர்வெல் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். அவரிடம் கேட்கலாம். ஆனால் அவர் அம்மாவிடம் சொல்லிவிடுவார்.

ஜனவரி 20, திங்கள்

மாலை ஜெசிந்தா அக்காவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

ஜெசிந்தா அக்கா சங்ககிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அம்மாவோடு வேலை செய்கிறாள். கட்டிடங்களைக் கம்ப்யூட்டரில் மாடலாகக் கட்டுவதுதான் இவர்கள் வேலை. சுவர், தூண், கதவு எல்லாம் நிஜம் போலவே இருக்கும். இப்போது கட்டிக்கொண்டிருப்பது நாமக்கல் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கான பெண்கள் விடுதி. பள்ளியின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

"இதுல எத்தனை பேர் தங்கலாங்க்கா?" என்றேன்.

"ஏ, பி, சின்னு மூணு பிளாக். முன்னூறுக்கு மேல வரும். ஏன், சீட்டு வேணுமா?" என்று சிரித்தாள். ஏன் அப்படிச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காட்டிக்கொள்ளாமல், மொத்தக் கட்டிடத்தையும் காட்டச் சொன்னேன். காட்டினாள். பி பிளாக்கின் சுவரைச் சுட்டியால் தொட்டேன். அசையவில்லை.

"அது அசையாது கண்ணு. மெயின் ஃபைல் வெறும் டிபன் கேரியர்தான். ஏ, பி, சி மூணும் தனித்தனி டப்பா. கேரியர்ல மாட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியும். உள்ளாற இருக்கற பொரியலை மாத்தோணும்னா டப்பாவைத் தனியாக் கழட்டித்தான் மாத்தோணும். அதுக்குப் பேருதான் லிங்க்."

பி பிளாக் டப்பாவில் மட்டும் ஒரே இடத்துக்கு இரண்டு யோசனைகள் வைத்திருக்கிறார்களாம். இரண்டும் ஒரே ஃபைலில் இருக்கும். எதை 'பிரைமரி' என்று குறிக்கிறோமோ அதுதான் மெயின் ஃபைலில் தெரியும். மற்றது உள்ளே மறைந்து கிடக்கும்.

"எதுக்கு மறைச்சு வெச்சிருக்கீங்க?"

"மேடத்தைக் கேளு. அதப் பத்தி வாயத் தொறக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். முதல் மாடி, நடைபாதையின் கடைசியில், 107ஆம் அறை. மற்ற அறைகளில் எல்லாம் 'விடுதி அறை' என்று போட்டிருந்தது. அந்த ஒன்றில் மட்டும் இங்கிலீஷில் SUBI என்று இருந்தது.

என் பெயர் சுபிக்ஷா. வீட்டில் சுபி.

ஜனவரி 21, செவ்வாய்

அறைகூடப் பார்த்துவிட்டார்கள்.

ஜனவரி 23, வியாழன்

ரிவிஷன் தேர்வில் அறிவியல் சுமாராக எழுதினேன். மாலை குழாயில் தண்ணீர் வந்தது, பன்னிரண்டு குடம் பிடித்தேன். இட்லிக்கு ஊறவைத்தேன். ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டால் இதையெல்லாம் யார் செய்வார்கள் என்று அம்மா யோசித்தாளா தெரியவில்லை.

சாப்பிடும்போது நேராகவே கேட்டேன். நேராக என்றால், கொஞ்சம் நேராக.

"பிளஸ் ஒன்னுக்கு நம்ம ஸ்கூல்லயே குரூப் கிடைக்குங்களாம்மா?"

"மொதல்ல பத்தாவதை ஒழுங்கா எழுது. படிக்கற வேலையப் பாரு அம்மிணி" என்றாள். தட்டைப் பார்த்தபடி சொன்னாள். அம்மா பொய் சொல்லும்போது தட்டைப் பார்ப்பாள். உண்மை சொல்லும்போதும் பார்ப்பாள்தான். ஆனால் இன்று பார்த்தது வேறு மாதிரி.

அச்சாகிக் கிடந்த தாளில் 107ஐப் பார்த்தேன். ஆறு கட்டில். ஒரு ஜன்னல், அதுவும் நடைபாதைப் பக்கம். இன்னொரு பக்கம் வெறும் சுவர். அந்த மறைத்து வைத்த இன்னொரு யோசனையில் என்ன இருக்கும்? ஜெசிந்தா அக்காவிடம் அதை மட்டும் கேட்டேன். "அதுல அந்த ரூமு பெருசு. மூலை ரூமு. ரெண்டு பக்கம் ஜன்னல்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல உதட்டைக் கடித்தாள்.

இரண்டு பக்கம் ஜன்னல் உள்ள அறையை எனக்குத் தராமல் ஏன் மறைக்கிறார்கள்?

ஜனவரி 25, சனி

ஐந்து இருபத்தைந்துக்கு ஜெசிந்தா அக்கா ஓடினாள். ஐந்து முப்பத்தைந்து சங்ககிரி வண்டியை விட்டால் அடுத்தது ஆறேகாலுக்குத்தான். ஓடுகிற ஓட்டத்தில் டிபன் கேரியரை மேசைமேலேயே விட்டுவிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பிரிண்ட் ஓடுது கண்ணு. முடிஞ்சதும் என்ற கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிரு" என்று கத்திவிட்டுப் போனாள். அம்மா காய் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள்.

ஆஃப் பண்ணினேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பார்த்தேன். என் பெயர் போட்ட அறையை நான் பார்ப்பதில் என்ன தப்பு?

பி பிளாக் டப்பாவைத் தனியாகத் திறந்தேன். அக்கா செய்வதைப் பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது யோசனை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் தனியாக, பாதிக் கட்டிடம் வெட்டி வைத்தது போல இருந்தது. முழுக் கட்டிடத்தில் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதைப் பிரைமரி ஆக்கினால்தான் மெயினில் தெரியும். ஆக்கினேன். சேமித்தேன். மெயினைத் திறந்து அறைக்குள் நின்று பார்ப்பது போலப் பார்த்தேன். மேற்கே பெரிய ஜன்னல். மாடலில் மலை கிடையாது, வெறும் வெள்ளைதான் தெரிந்தது. ஆனால் கட்டினால் அந்த ஜன்னலில் திருச்செங்கோட்டு மலை தெரியும். திசையைக் கணக்குப் பார்த்துவிட்டேன். மலை தெரிந்தால் வீடு எந்தப் பக்கம் என்று தெரியும்.

பழையபடி மாற்றி வைக்கத் திரும்பவும் பி பிளாக்கைத் திறந்தேன். அதற்குள் கேட் சத்தம் கேட்டது. அம்மாவின் வண்டி. எல்லாவற்றையும் மூடினேன். மூடும்போது கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

பழையபடி மாற்றிவிட்டேனா என்றால், மாற்றியிருப்பேன். மாற்றத்தானே திறந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

மாவு புளித்துப்போனது. அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சளி, குரலே வரவில்லை.

காலையில் அஸ்திவாரப் பிளான்களை சைட்டுக்கு அனுப்பினார்கள். நான் தலைபின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லிங்க் எல்லாம் ரீலோடு பண்ணிக்கிட்டியா ஜெசி?"

"பண்ணிட்டனுங்க மேடம். மூணு டப்பாவும் புதுசா மாட்டியாச்சுங்க."

"வெள்ளிக்கெழமயே நான் வரிவரியாப் பாத்துட்டேன். தேதி மட்டும் மாத்தி அனுப்பிச்சுரு."

அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. ஏன் எழுதுகிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

ஜனவரி 30, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

பள்ளிவிட்டு வந்தபோது அம்மா போனை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைட் இன்ஜினியர் தாமோதரன் படம் அனுப்பியிருந்தார். சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டு, குழி தோண்டிய படம். அம்மா விரலை வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"நாலு குழி கம்மியா இருக்குதே" என்றாள் தனக்குத்தானே.

பிறகு ஜெசிந்தா அக்காவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். அக்கா இன்று லீவு. நான் வாசலிலேயே நின்றேன். அம்மாவின் நாற்காலிச் சக்கரம் கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது.

"இதை யாரு பிரைமரி ஆக்குனது?"

என்னைக் கேட்கவில்லை. ஃபைல் கடைசியாகச் சேமித்த நேரத்தைப் படித்தாள். இருபத்தஞ்சாம் தேதி, சாயங்காலம் அஞ்சு அம்பத்திரண்டு.

"சனிக்கெழம. நான் கடைவீதி போயிருந்தப்ப." அம்மா அந்த நேரத்தை மறுபடி படித்தாள். பிறகு மெதுவாக, "ஜெசியோட அண்ணன் அந்த ஸ்கூல் பஸ்சுதான் ஓட்டறாப்ல" என்றாள். அது எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு நிமிடம் மூச்சு வந்தது. அப்படியானால் ஜெசிந்தா அக்காவுக்கும் அந்தப் பள்ளிக்கும் ஏதோ இருக்கிறது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "சுபி, சனிக்கெழம ஜெசி எத்தன மணிக்குக் கெளம்புச்சு?"

"ஆறு இருக்குங்கம்மா."

நான் கடிகாரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

எனக்கு வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகவில்லை. உண்மையிலேயே வலித்தது. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"நான் அஞ்சரை வண்டிக்கே போயிட்டனுங்க மேடம்."

"அஞ்சு அம்பத்திரண்டுக்கு உன்ற கம்ப்யூட்டர்ல சேமிச்சிருக்குது ஜெசி."

"எனக்குத் தெரியலீங்க. நான் போயிட்டேன்."

"ஸ்கூல் தாளாளர் சைடுல யாராச்சும் உங்கிட்டப் பேசுனாங்களா? உங்க அண்ணனை வெச்சு?"

"மேடம்!"

"நான் மூணு மாசமா முடியாதுன்னு சொல்லிட்டிருக்கறதை, நீ ஒரே சாயங்காலத்துல முடிச்சுக் குடுத்துட்ட. சுபி பாத்திருக்கறா. ஆறு மணிக்குத்தான் நீ போனேங்கறா."

பிறகு அக்கா உள்ளறை வாசலுக்கு வந்தாள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. ஏதோ கணக்குத் தப்பாக வந்துவிட்டதால் திரும்பப் போட்டுப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். நான் பாடப் புத்தகத்தைப் பார்த்தேன்.

தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டிபன் கேரியர் சனிக்கிழமையிலிருந்து எங்கள் அடுக்களையிலேயே இருக்கிறது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். அதைக் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் அக்கா மேலும் சந்தேகம் வரத்தான் செய்கிறது. அண்ணன் பஸ் ஓட்டுவதை ஏன் சொல்லவில்லை? அந்த இன்னொரு யோசனையைப் பற்றிக் கேட்டபோது ஏன் உதட்டைக் கடித்தாள்? ஒருவேளை நான் சரியாகத்தான் மாற்றி வைத்தேன், அதற்குப் பிறகு வேறு யாராவது

இல்லை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணியது நான்தான்.

ஆனால் சொன்னால், அனுப்புவது நிச்சயமாகிவிடும். கம்ப்யூட்டரைத் தொட்டு, பொய்யும் சொன்ன பெண்ணை யார் வீட்டில் வைத்திருப்பார்கள்? ஜெசிந்தா அக்காவுக்கு வேறு வேலை கிடைக்கும். எனக்கு வேறு வீடு கிடைக்காது.

பிப்ரவரி 1, சனி

சாயங்காலம் அம்மா போனில் பேசினாள். மாடிக்குப் போகவில்லை. முன்னறையிலேயே, ஜெசிந்தா அக்காவின் நாற்காலிக்கு எதிரே நின்று சத்தமாகப் பேசினாள். சளிக் குரல் உடைந்து உடைந்து வந்தது.

"இல்லீங்க, ரெண்டாவது படிக்கட்டு இல்லாம முடியாதுங்க. அனுமதி வாங்குன பிளான்ல ரெண்டு இருக்குது. பொண்ணுங்க தங்கற எடமுங்க அது... ஜூன்ல சேர்க்கறதுன்னா சேர்த்துக்குங்க, அதுக்காகப் படிக்கட்டை எடுத்துட்டு நாலு கட்டில் சேத்திப் போடறதா?... நீங்க பாக்கோணும்னு கேட்டீங்க, பாக்கறதுக்கு மட்டும் ஒண்ணு போட்டு வெச்சிருந்தேன். அது வெளிய வந்தது தப்புங்க..."

எதிர்முனையில் தாளாளர். அவர் குரல் தேன் மாதிரி இருந்தது, எனக்கே கேட்டது. "உங்க ஆபீஸ்ல இருந்து வந்த பிளான்தானுங்களே மேடம். உங்க ஆளே மாத்திக் குடுத்திருக்காங்கன்னா நீங்க ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம். திங்கக்கெழம கான்கிரீட் போட்டுருவோம். தப்புன்னா எப்படித் தப்புன்னு சொல்லுங்க."

அம்மாவால் சொல்ல முடியவில்லை. எப்படித் தப்பு என்று அம்மாவுக்குத் தெரியாது.

பத்து நாள் மாடியில் பேசியது இதுதான். அந்தப் பாதி வாக்கியம் இதுதான்.

இதை எழுதும்போது தாள் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கும்போது முன்பக்கம் மேலே இருந்தது. பி பிளாக், முதல் மாடி. வீணாய்ப்போன பழைய பிரிண்ட். 107இன் அந்த வெறும் சுவருக்கு அந்தப் பக்கம் ஏறுவரிசையாகச் சின்னச் சின்னக் கோடுகள். பதினெட்டு எண்ணினேன். எத்தனை முறை இந்த அறையைப் பார்த்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று பார்க்கவே இல்லை. நான் ஆசைப்பட்ட ஜன்னல் இருப்பது படிக்கட்டு இருந்த இடத்தில்.

தாரணி சொன்னதுதான் தலைக்குள் ஓடுகிறது. ஒம்பது மணிக்குப் படிக்கட்டுக் கேட்டைப் பூட்டிருவாங்க. ஒரு படிக்கட்டு. ஒரு கேட். ஒரு சாவி. பி பிளாக்கில் மட்டும் நூறு பேர்.

அப்பறம் என்ன, தூங்கோணும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா அரிசிம்பருப்புச் சாதத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஜனவரி 25 எழுதிய தாளைக் கொண்டுபோய் வெங்காயத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா முதலில் மளிகைப் பட்டியல் என்று நினைத்துத் தள்ளி வைத்தாள். பிறகு எடுத்துப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். நான் நின்றேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. எழுந்து அணைத்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அஞ்சு அம்பத்திரண்டுக்கு நீதானா."

"ஆமாங்கம்மா."

"அது சரி. கைதவறி அமுத்திட்ட. ஆறு மணின்னு எதுக்குச் சொன்ன?"

அதைத்தான் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படிக்கட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன்.

"ஹாஸ்டலுக்கு அனுப்பிருவீங்கன்னு."

"எந்த ஹாஸ்டலுக்கு?"

"இதுக்குத்தான். அறைகூட என் பேர்ல போட்டு வெச்சிருக்கீங்களே."

அம்மாவுக்குப் புரியவில்லை. நான் 107 என்றேன். அவள் முகம் எப்படியோ ஆனது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும் செய்யவில்லை. என் கையைப் பிடித்து, வெங்காயக் கையோடேயே, முன்னறைக்கு இழுத்துப் போனாள். பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ராசிபுரத்துக் கல்யாண மண்டபத்தில், பாத்திரம் வைக்கிற அறை SUBI. ஒரு ரைஸ் மில்லின் எடைமேடை அறை SUBI. ஒரு பல் ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே அறை.

"அறைப் பேரு சரியா விழுகுதான்னு பாக்கறதுக்கு ஏதாச்சும் ஒண்ணு அடிக்கோணும். எனக்கு வேற பேரு வர்றதில்ல. பிளான் வெளிய போறதுக்கு முன்னாடி மாத்திருவேன். நீ ஒண்ணாவது படிக்கறப்ப இருந்து இப்படித்தான்."

நான் அந்த எக்ஸ்ரே அறையையே பார்த்தேன்.

பிறகு அம்மா விடுதியின் மெயின் ஃபைலைத் திறந்து, எங்கோ இரண்டு முறை அழுத்தி, பி பிளாக்குக்கு நேரே எந்த யோசனை தெரிய வேண்டும் என்று கேட்கிற பட்டியலைக் காட்டினாள். "இந்தப் பார்வைக்கு மட்டும் ரெண்டாவதைக் காட்டுன்னு சொன்னாப் போதும். அந்த ஃபைலைத் தொறக்கவே வேண்டாம். பிரைமரிய மாத்தவே வேண்டாம். ஜெசிக்கே இது இன்னும் நான் சொல்லித் தரல." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "கேட்டிருந்தாக் காட்டியிருப்பேன் சுபி."

"நீங்களும் மாடிக்குப் போய்த்தானே பேசுனீங்க."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வாய் என்று பயம் வந்தது. அம்மா அடிக்கவில்லை. ஃபைலை மூடிவிட்டு, "செருப்பப் போடு" என்றாள்.

"எங்கீங்க?"

"சங்ககிரிக்கு. அந்தக் கேரியரை எடுத்துக்க."

ஜெசிந்தா அக்கா அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தாள். வாசலில் எங்களைப் பார்த்ததும் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அவள் அம்மாதான் சொன்னார்கள். எங்கள் அம்மா உட்காரவில்லை. "ஜெசி, தப்பு எங்க வீட்டுல. உன்னச் சந்தேகப்பட்டது அதவிடப் பெரிய தப்பு. உங்க அண்ணனப் பத்திப் பேசுனது அதுக்கும் மேல" என்று நின்றபடியே சொன்னாள். அம்மா இப்படி யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் எத்தன மணிக்குப் போனேன் கண்ணு?"

"அஞ்சு இருபத்தஞ்சுக்குங்க்கா."

"அண்ணனுக்குக் கேக்கல."

அவள் அண்ணன் உள்ளே கயிற்றுக் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவில்லை. நான் இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னேன். கேரியரை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். வேலைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வரும் வழியில் அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தித் தாமோதரனுக்குப் போன் போட்டாள். "எப்படித் தப்புன்னு கேட்டாருல்ல உங்க தாளாளர்? என்ற புள்ள தெரியாம மாத்திருச்சு. நான் பாக்காம அனுப்பிட்டேன். அப்படியே சொல்லுங்க. நாளைக்குக் காலைல புதுப் பிளான் வரும். அது வராம ஒரு சட்டிக் கலவை போடக் கூடாது."

பிப்ரவரி 3, திங்கள்

காலை ஆறு மணிக்கே அம்மா புதுப் பிளானை அனுப்பிவிட்டாள். பிளானின் ஓரத்தில் திருத்தங்களை எழுதுகிற கட்டம் ஒன்று உண்டு. அதில் யார், எதற்கு என்று எழுத வேண்டும். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அடித்தாள். 'இரண்டாவது படிக்கட்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. காரணம்: அலுவலகப் பிழை.' பெயரின் முதலெழுத்து போடுகிற இடத்தில் ஜெசிந்தா அக்காவின் எழுத்து இருந்தது, பி பிளாக் அவள் வேலை என்பதால். அம்மா அதை அழித்துத் தன் எழுத்தைப் போட்டாள். 107இல் என் பெயரை அழித்து 'விடுதி அறை' என்று போட்டாள். ஆறு கட்டில். நடைபாதைப் பக்கம் ஒரு ஜன்னல். ஒரு வெறும் சுவர்.

மாலையில் தாமோதரன் படம் அனுப்பினார். படிக்கட்டுத் தூண்களுக்கு நாலு குழி புதிதாக. இந்த முறை நானும் எண்ணினேன். தாளாளர் இனி எங்களுக்கு வேலை தரமாட்டார் என்று தாமோதரன் சொன்னாராம். அம்மா, "தராட்டிப் போறாரு, வேல அவருகிட்ட மட்டுமா இருக்குது" என்றாள். ஆனால் இரவு சாப்பிடவில்லை.

ஹாஸ்டலுக்கு அனுப்புவீர்களா மாட்டீர்களா என்று கேட்டேன். "அனுப்பறதா இருந்தா உங்கிட்டச் சொல்லித்தான் அனுப்புவேன்" என்றாள். தட்டைப் பார்க்காமல் சொன்னாள். மாட்டேன் என்று சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஜெசிந்தா அக்கா வந்துவிட்டாள். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட் சத்தம் கேட்டது. டிபன் கேரியரை அதே மேசையில் அதே இடத்தில் வைத்தாள். அம்மா காபி கொடுத்தாள். இருவரும் சி பிளாக்கின் கழிவறைக் குழாய்களைப் பற்றிப் பேசினார்கள். எல்லாம் பழையபடி என்று நினைத்தேன்.

"போயிட்டு வர்றனுங்க்கா" என்றேன்.

"ம்" என்றாள்.

அப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்திருந்தாள். அதற்கு இதுவரை கடவுச்சொல் கிடையாது. இன்று புதிதாக ஒன்று போட்டாள். நான் வாசலில் நிற்பது தெரிந்தும்தான் போட்டாள். வலது கையால் அடித்தாள். இடது கையைக் கீபோர்டின்மேல் கூரை மாதிரி கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும் என்று, தெருப் பக்கம் திரும்பி, அவள் அடித்து முடிக்கிற வரை நின்றேன்.